லைவில் சத்தம் வரவில்லையா? இன்டர்ஃபேஸைக் குறை சொல்வதற்கு முன்

வியாசர்பாடியில் கால்பந்துப் போட்டி, புளியந்தோப்பில் கானாக் கச்சேரி, ராயபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, ஆடி மாதம் தெருவுக்குத் தெரு அம்மன் திருவிழா என்று வட சென்னையில் எல்லாமே இப்போது லைவில் போகின்றன. முன்பு போனை ஸ்டாண்டில் மாட்டி ஓட்டியவர்கள் இன்று லேப்டாப், நல்ல மைக், மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று கைக்காசைப் போட்டு வாங்கி, ஓபிஎஸ் என்ற லைவ் மென்பொருளையும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். படம் பளிச்சென்று வந்துவிடுகிறது. சத்தம்தான் பாடாய்ப் படுத்துகிறது. "ஆடியோ வரல ப்ரோ" என்று கமெண்ட் வரிசையாக விழுந்ததும், பக்கத்தில் நிற்கும் யாராவது சட்டென்று சொல்லிவிடுவார்கள்: "இன்டர்ஃபேஸ் போயிடுச்சுபா."

இந்தத் தீர்ப்பை நம்பி, தவணை கூட முடியாத கருவியைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டுப் புதிதாக வேறொன்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். புதிய கருவியிலும் அதே கரகரப்பு, அதே எதிரொலி. கோளாறு கருவியில் இல்லாமல், கருவிக்கும் லைவ் மென்பொருளுக்கும் நடுவில் எங்கேயோ இருப்பதுதான் பெரும்பாலும் நடப்பது. அந்த நடுவழி எப்படி இயங்குகிறது என்று தெரிந்துவிட்டால், காதில் விழும் கோளாறை வைத்தே எங்கே தேட வேண்டும் என்று சொல்லிவிடலாம்.

## இன்டர்ஃபேஸ் என்னதான் செய்கிறது?

மைக்கிலிருந்து வருவது மிகச் சிறிய மின்சாரம், சில மில்லிவோல்ட் இருக்கும். இன்டர்ஃபேஸ் முதலில் அதைப் பெரிதாக்குகிறது. அந்தப் பெருக்கும் அளவுக்குப் பெயர் கெயின். முன்பக்கம் இருக்கும் குமிழ் அதற்குத்தான். அப்புறம் அந்த மின்சாரத்தை நொடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து எண்களாக மாற்றுகிறது. அளக்கும் ஒவ்வோர் எண்ணும் ஒரு சாம்பிள். நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பதுதான் சாம்பிள் ரேட்.

இதில் இரண்டு எண்களை அடிக்கடி பார்ப்பீர்கள். ஒன்று 44,100. இது 1982இல் கடைக்கு வந்த ஆடியோ சிடியின் கணக்கு. இசை உலகம் இன்றும் அதை விடவில்லை. இன்னொன்று 48,000, வீடியோ வேலைக்கு இதுதான் வழக்கம். செட்டிங்ஸில் இவை 44.1 கிலோஹெர்ட்ஸ், 48 கிலோஹெர்ட்ஸ் என்று இருக்கும். எது உசத்தி என்ற வாதம் லைவுக்குத் தேவையில்லை. எல்லா இடத்திலும் ஒரே எண் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

எண்ணாக மாறிய சத்தம் யூஎஸ்பி கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போகிறது. அங்கே ட்ரைவர் அதை வாங்குகிறது. ட்ரைவர் என்றால், கருவி சொல்வதை விண்டோஸுக்குப் புரியவைக்கும் சிறிய மென்பொருள். விண்டோஸ் அதை ஓபிஎஸ்ஸிடம் கொடுக்கிறது. ஓபிஎஸ் என்பது 2012இல் தொடங்கிய, காசு கேட்காத லைவ் மென்பொருள். கேமரா படம், மைக் குரல், கம்ப்யூட்டரில் ஓடும் பாட்டு எல்லாவற்றையும் சேர்த்து யூடியூபுக்கோ ஃபேஸ்புக்குக்கோ அனுப்புகிறது.

ஆக, மைக், இன்டர்ஃபேஸ், ட்ரைவர், விண்டோஸ், ஓபிஎஸ் என்று சத்தம் கை மாறிக்கொண்டே போகிறது. எந்தக் கையில் நின்றது என்பதுதான் கேள்வி.

## தண்ணி லாரியும் டிரம்மும்

இந்தக் கைமாற்றலில் பலருக்கும் பிடிபடாத விஷயம் பஃபர். நம் பக்கத்துத் தெருக்களில் இதை விளக்குவது சுலபம். லாரித் தண்ணி நாள் முழுக்க வராது. வரும்போது டிரம்மில் பிடித்து வைக்கிறோம். வேண்டும்போது மொண்டு எடுக்கிறோம். லாரி விட்டு விட்டு வந்தாலும் சமையல் நிற்காமல் நடப்பது டிரம்மால்தான்.

கம்ப்யூட்டரும் சத்தத்தைத் தொடர்ச்சியாக வாங்குவதில்லை. அதற்கு வேறு வேலைகளும் உண்டு. அதனால் இன்டர்ஃபேஸ் அனுப்பும் சாம்பிள்கள் நினைவகத்தில் ஒரு சிறிய இடத்தில் சேர்கின்றன. கம்ப்யூட்டர் அவ்வப்போது வந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போகிறது. அந்த இடம்தான் பஃபர். 256 சாம்பிள் பிடிக்கும் பஃபர், 48 கிலோஹெர்ட்ஸில் சுமார் 5 மில்லிநொடிக்கான சத்தத்தை வைத்திருக்கும். 1,024 சாம்பிள் என்றால் சுமார் 21 மில்லிநொடி.

டிரம் சின்னதாக இருந்தால் லாரி கொஞ்சம் தாமதித்தாலும் வற்றிவிடும். பஃபர் வற்றும் அந்தக் கணத்தில் சத்தத்தில் ஓர் ஓட்டை விழுகிறது. காதுக்கு அது 'டிக்', 'கர்ர்' என்று கேட்கும். டிரம் பெரிதாக இருந்தால் வற்றாது, ஆனால் நீங்கள் மொள்வது கொஞ்ச நேரத்துக்கு முன் பிடித்த தண்ணி. பெரிய பஃபரும் அப்படித்தான் தாமதத்தைக் கூட்டுகிறது.

தன் குரலைக் கம்ப்யூட்டர் வழியாக ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பாடுபவருக்கு இந்தத் தாமதம் தாளத்தைக் கெடுத்துவிடும். லைவ் பார்ப்பவருக்கு 20 மில்லிநொடியெல்லாம் தெரியவே தெரியாது. ஆகவே லைவுக்குத் தாராளமாகப் பெரிய பஃபர் வைக்கலாம். ஸ்டுடியோக்காரர்கள் "பஃபரைக் குறை, குறை" என்று சொல்வதைக் கேட்டு லைவிலும் 64 வைத்துவிட்டு, கரகரவென்று வருகிறதே என்று திணற வேண்டியதில்லை. பாடுபவர் தன் குரலைக் கேட்க இன்டர்ஃபேஸிலேயே டைரக்ட் மானிட்டர் என்ற வசதி பெரும்பாலும் இருக்கும். அது கம்ப்யூட்டருக்குப் போகாமல் நேராக ஹெட்போனுக்குக் குரலைத் தருவதால் தாமதம் கிட்டத்தட்டத் தெரியாது.

## சத்தமே இல்லை என்றால்

எதையும் மாற்றுவதற்கு முன் மைக்கில் யாரையாவது தொடர்ந்து பேசவிட்டு, மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதல் இடம், இன்டர்ஃபேஸில் இருக்கும் சிக்னல் விளக்கு. பேசும்போது அது பச்சையாக மின்னவில்லை என்றால் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பயனில்லை. மைக், மைக் கேபிள், கெயின் குமிழ் ஆகியவற்றில்தான் விஷயம். கண்டென்சர் மைக் என்றால் 48 வோல்ட் பட்டனைப் பாருங்கள். அந்த வகை மைக் வேலை செய்ய இன்டர்ஃபேஸ்தான் கேபிள் வழியே மின்சாரம் கொடுக்க வேண்டும். ஃபேண்டம் பவர் என்பது அதுதான். மேடையில் கையில் பிடித்துப் பாடும் டைனமிக் மைக்குக்குப் பொதுவாக இது வேண்டாம். மேடையிலிருந்து மைக்கை மாற்றிச் சின்ன அறைக்குக் கண்டென்சர் வைத்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது இடம், ஓபிஎஸ்ஸில் கீழே ஆடும் மிக்சர் மீட்டர். இன்டர்ஃபேஸில் விளக்கு மின்னுகிறது, மீட்டர் ஆடவில்லை என்றால் நடுவில் அறுந்திருக்கிறது. பெரும்பாலும் ஓபிஎஸ்ஸில் தேர்ந்தெடுத்த கருவி தவறாக இருக்கும். 'டீஃபால்ட்' என்று விட்டிருந்தால் அது லேப்டாப்பின் சொந்த மைக்கையோ புளூடூத் ஹெட்செட்டையோ பிடித்துக்கொண்டிருக்கலாம். வீட்டில் ஒரு யூஎஸ்பி ஓட்டையில் செருகி, மைதானத்தில் வேறு ஓட்டையில் செருகினால், சில கருவிகளை விண்டோஸ் புதுக் கருவி என்றே எடுத்துக்கொள்ளும். ஓபிஎஸ்ஸோ பழையதற்காகக் காத்திருக்கும். ஒரே ஓட்டையில் செருகும் பழக்கம் இந்தத் தொல்லையைத் தவிர்க்கும்.

கருவியே பட்டியலில் இல்லையா? கேபிளை மாற்றுங்கள். யூஎஸ்பி 2 கேபிளுக்குள் நான்கு கம்பிகள் உண்டு. இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. சார்ஜருக்கென்று மலிவாக விற்கும் சில கேபிள்களில் தகவல் கம்பி இரண்டும் இருக்காது. விளக்கு எரியும், கம்ப்யூட்டருக்கு ஒன்றும் போய்ச்சேராது. பர்மா பஜாரில் கேபிள் வாங்கினால் "டேட்டா கேபிளா?" என்று கேட்டே வாங்குங்கள். பட்டியலில் கருவி இருந்தும் மீட்டர் அசையவில்லை என்றால், விண்டோஸின் பிரைவசி செட்டிங்ஸில் மைக்ரோபோன் அனுமதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறொரு மென்பொருள் கருவியை முழுதாகத் தன் பிடியில் வைத்துக்கொண்டிருந்தாலும் இப்படி ஆகும். அதை மூடினால் சரியாகிவிடும்.

மூன்றாவது இடம், பார்ப்பவரின் போன். மீட்டர் நன்றாக ஆடுகிறது, உங்கள் ஹெட்போனிலும் கேட்கிறது, அங்கே மட்டும் ஊமை. இந்த ஒன்று பலரை ஏமாற்றுகிறது. ஓபிஎஸ்ஸின் அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸில் 'மானிட்டர் ஒன்லி' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை வைத்தால் சத்தம் உங்களுக்கு மட்டும் கேட்கும், லைவுக்குப் போகாது. 'மானிட்டர் அண்ட் அவுட்புட்' என்று மாற்ற வேண்டும், அல்லது மானிட்டரையே அணைத்துவிடலாம்.

விளக்கு, மீட்டர், போன்: எந்த இரண்டுக்கு நடுவில் சத்தம் காணாமல் போகிறதோ, அங்கே தேடினால் போதும்.

## கரகரப்பும் ரோபோ குரலும்

பஃபர் வற்றுவதால் வரும் கரகரப்பை மேலே பார்த்தோம். அதற்குப் பஃபரைக் கூட்டலாம். பின்னால் ஓடும் தேவையில்லாத மென்பொருள்களை மூடலாம். இன்டர்ஃபேஸை ஹப்பில் செருகாமல் லேப்டாப்பிலேயே நேராகச் செருகலாம். யூஎஸ்பி 2 ஓட்டை தருவது 500 மில்லியாம்பியர்தான். மவுஸ், வெப்கேம், பென்டிரைவ், இன்டர்ஃபேஸ் எல்லாம் ஒரு ஹப்பில் தொங்கி அந்த மின்சாரத்தைப் பங்கு போட்டால் யாருக்கும் வயிறு நிறையாது.

இன்னொரு வகை இருக்கிறது. முதலில் நன்றாகப் போகும். கொஞ்ச நேரம் கழித்துக் குரல் தகரம் போலாகி, ரோபோ பேசுவது போல இழுக்கும். இங்கே சாம்பிள் ரேட்டைச் சந்தேகியுங்கள். இன்டர்ஃபேஸ் நொடிக்கு 44,100 சாம்பிள் ஊற்றுகிறது, ஓபிஎஸ் பக்கம் நொடிக்கு 48,000 மொள்ளுகிறது என்றால் ஒவ்வொரு நொடியும் 3,900 பற்றாக்குறை. நடுவில் விண்டோஸ் புகுந்து ஒரு ரேட்டை இன்னொன்றாக மாற்றித் தர முயலும். பல சமயம் சரியாகவே செய்யும். ஆனால் கருவி ஒரு ரேட்டில் ஓட, விண்டோஸ் வேறொரு ரேட் என்று நம்பிக்கொண்டிருந்தால் குரல் உடைந்துவிடும்.

இது எப்படி நடக்கிறது என்று கானா லைவில் கண்கூடாகப் பார்க்கலாம். பீட் ஓட்டுவதற்கு ஓர் இசை மென்பொருளைத் திறக்கிறார்கள். அதில் பாட்டு 44.1இல் செய்யப்பட்டிருக்கிறது. அது திறந்தவுடன் இன்டர்ஃபேஸையே 44.1க்கு மாற்றிவிடுகிறது. ஓபிஎஸ் 48இல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. யாரும் எதையும் தொடவில்லை, குரல் மட்டும் உடைகிறது. உடனே பழி இன்டர்ஃபேஸ் மேல்.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: நான்கு இடத்திலும் 48 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள். இன்டர்ஃபேஸுடன் வரும் கன்ட்ரோல் பேனல், விண்டோஸ் சவுண்ட் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பகுதி, ஓபிஎஸ்ஸின் ஆடியோ செட்டிங்ஸ், பீட் ஓட்டும் மென்பொருள். விண்டோஸில் ரெக்கார்டிங் பக்கம், ப்ளேபேக் பக்கம் இரண்டிலும் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டுப் போவதுதான் வழக்கமாக நடப்பது. ஓபிஎஸ்ஸில் மாற்றினால் அதை மூடித் திறக்க வேண்டும். எனவே இதெல்லாம் லைவுக்கு முன்பே முடிய வேண்டிய வேலை.

## இரட்டைக் குரல், ஒற்றைக் காது

குரல் இரண்டு முறை கேட்கிறதா? ஒரே மைக் இரண்டு வழியில் உள்ளே வருகிறது என்று அர்த்தம். ஓபிஎஸ் செட்டிங்ஸில் மைக்கைக் கொடுத்துவிட்டு, சீன் எனப்படும் காட்சி அமைப்பிலும் அதே மைக்கைத் தனியாகச் சேர்த்திருப்பார்கள். அல்லது கேமராவின் சொந்த மைக்கும் சேர்ந்து ஓடும். பாட்டு மட்டும் இரட்டையாகக் கேட்டால் லூப்பேக்கைப் பாருங்கள். கம்ப்யூட்டரில் ஓடும் சத்தத்தை இன்டர்ஃபேஸே திருப்பி உள்ளே அனுப்பும் வசதி அது. அதே சத்தத்தை ஓபிஎஸ்ஸும் டெஸ்க்டாப் ஆடியோ என்ற பெயரில் நேராகப் பிடிக்கும். லூப்பேக், டெஸ்க்டாப் ஆடியோ இரண்டில் ஒன்று போதும்.

இயர்போனில் ஒரு காதில் மட்டும் கேட்கிறது என்றால் கோளாறே இல்லை. இன்டர்ஃபேஸின் முதல் இன்புட் இடது பக்கம், இரண்டாவது வலது பக்கம் என்று போகிறது. அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸில் மோனோ என்பதை டிக் செய்யுங்கள், இரண்டு காதிலும் ஒரே சத்தம் வரும்.

## டோலக்கைத் தின்னும் ஃபில்டர்

கெயினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்ப் பாட்டுக்கு இது உயிர். "ஹலோ, மைக் டெஸ்ட்" என்று மெதுவாகச் சொல்லிக் கெயின் வைக்கக் கூடாது. கானா பாடுபவர் உச்சத்தில் தொண்டையைத் திறந்தால், டெஸ்ட் செய்த குரலைப் போலப் பல மடங்கு வரும். எந்த இடத்தில் மிகச் சத்தமாகப் பாடுவாரோ அந்த வரியையே பாடச் சொல்லி, அப்போது ஓபிஎஸ் மீட்டர் மஞ்சளில் நிற்கும்படி வையுங்கள். அந்த மீட்டரில் மைனஸ் 20 டெசிபல் வரை பச்சை, மைனஸ் 20 முதல் மைனஸ் 9 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. சிவப்பைத் தொட்டுத் தொட்டு வந்தால் பரவாயில்லை. பூஜ்யத்தில் போய் முட்டக் கூடாது.

பூஜ்யத்துக்கு மேலே எழுத எண்ணே கிடையாது. அதைத் தாண்டும் அலையின் தலை அப்படியே வெட்டுப்பட்டுவிடும். கிளிப்பிங் என்பது இதுதான். இன்டர்ஃபேஸில் விளக்கு சிவப்பானால் வெட்டு அங்கேயே விழுந்துவிட்டது. அதன் பிறகு ஓபிஎஸ்ஸில் ஸ்லைடரைக் கீழே இழுத்தால் கிழிந்த குரல் மெதுவாகக் கேட்கும், அவ்வளவுதான். குறைக்க வேண்டியது கெயின் குமிழை.

அடுத்தது நாய்ஸ் சப்ரெஷன். ஃபேன் சத்தத்தைப் போக்க ஓபிஎஸ்ஸில் இருக்கும் ஃபில்டர். அதில் ஆர்என்என்நாய்ஸ் என்ற முறை, மனிதப் பேச்சை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கும்படி பழக்கப்பட்டது. பேச்சுக்கு அருமையாக வேலை செய்யும். ஆனால் டோலக்கும் கீபோர்டும் அதற்குப் பேச்சு இல்லை. தட்டத் தட்ட அழித்துக்கொண்டே வரும். டோலக் மங்கி மங்கித் தெரியும், பாடுபவர் நீட்டிப் பிடிக்கும் சுரமும் நடுவில் தேய்ந்துபோகும். கேட்பவர்கள் "மைக் சரியில்லை" என்று எழுதுவார்கள். பாட்டு லைவில் இந்த ஃபில்டரை எடுத்துவிடுங்கள். ஃபேனை அணைத்துவிட்டுப் பாடுவது வேர்வைதான், ஆனால் சத்தம் முழுதாகக் கிடைக்கும்.

## 'ம்ம்ம்' என்று ஓர் அடிச் சத்தம்

கோயில், சர்ச், மேடை மிக்சரிலிருந்து லைன் எடுக்கும்போது இது வரும். நம் கரண்ட் நொடிக்கு 50 முறை துடிக்கிறது. அந்தத் துடிப்புதான் காதில் கேட்கிறது. மிக்சருக்கும் லேப்டாப்புக்கும் வேறு வேறு பிளக்கிலிருந்து எர்த் போய், ஆடியோ கேபிள் அவற்றை இணைக்கும்போது ஒரு வளையம் உண்டாகிவிடுகிறது. லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் காரணம் இதுதான். எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுங்கள், அல்லது மிக்சருக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் டிஐ பாக்ஸ் என்ற சிறிய பெட்டியை வையுங்கள். அதில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்க வேண்டும், அதுதான் சத்தத்தை விட்டுவிட்டு அந்த வளையத்தை அறுக்கும். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்து 'சரிசெய்வது' உயிரோடு விளையாடுவது; ஆடி மழையில் நனைந்த பந்தலில் அதை யாரும் செய்ய விடாதீர்கள்.

## உதடும் குரலும் சேராதபோது

இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் வித்தியாசம் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே அளவில் இருக்கும். கேமராப் படம், அதைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கும் கேப்சர் கார்டு வழியாக வருவதற்குள் குரல் முந்திவிடுகிறது. கேமரா முன் ஒரு முறை பலமாகக் கைதட்டி ரெக்கார்ட் செய்யுங்கள். ரெக்கார்டிங்கை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள். நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் 33 மில்லிநொடி. கை சேர்வதற்கு 4 ஃப்ரேம் முன்பே சத்தம் கேட்டால், அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸில் அந்த மைக்கின் சத்தத்தைத் தள்ளிப்போடும் சிங்க் ஆஃப்செட்டில் 130 மில்லிநொடி என்று போடுங்கள்.

இரண்டாவது வகையில் ஆரம்பத்தில் சரியாக இருந்து, நேரம் போகப் போக விலகும். ஒவ்வொரு கருவிக்குள்ளும் சொந்தக் கடிகாரம் இருக்கிறது. இரண்டு கடிகாரம் ஒருபோதும் அச்சு அசலாக ஒன்றாக ஓடாது. ஒன்று மற்றதைவிடப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகமாக ஓடினாலே ஒரு மணி நேரத்தில் 0.36 நொடி வித்தியாசம் வந்துவிடும். சிங்க் ஆஃப்செட் இதற்கு உதவாது, ஏனென்றால் அது ஒரே எண். விலகலோ வளர்ந்துகொண்டே போகிறது. முதலில் எல்லா ரேட்டும் 48 தானா என்று பாருங்கள். மைக், ஹெட்போன் இரண்டையும் ஒரே இன்டர்ஃபேஸில் வையுங்கள். ஓபிஎஸ்ஸில் அந்த மைக்கின் ப்ராப்பர்ட்டீஸில் டிவைஸ் டைம்ஸ்டாம்ப் என்று ஒரு டிக் இருக்கும், சத்தத்தின் நேரத்தைக் கருவி சொல்கிறபடி எடுத்துக்கொள்வதா என்பதற்கு. அதை மாற்றிப் போட்டு ஒரு நீளமான ரெக்கார்டிங் எடுத்துப் பாருங்கள். சில நிமிட டெஸ்டில் இந்தக் கோளாறு முகமே காட்டாது.

## அப்படியும் சரியாகவில்லையா?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கு செட்டிங்கை ஒன்றாக மாற்றி, சத்தம் வந்துவிட்டால் எதனால் வந்தது என்று தெரியாது. அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து. லைவ் போகாமல் ரெக்கார்ட் மட்டும் செய்து பாருங்கள். அதில் சத்தம் சுத்தமாக இருந்து லைவில் மட்டும் விட்டு விட்டு வந்தால், அது இணையத்தின் வேகம். ஆடியோ பக்கம் தேட வேண்டாம்.

ரெக்கார்டிங்கிலும் கெட்டிருந்தால் இன்டர்ஃபேஸை வேறொரு கம்ப்யூட்டரில், வேறு டேட்டா கேபிளில், நேரான யூஎஸ்பி ஓட்டையில் செருகி, வேறு மைக்கை மாட்டுங்கள். அங்கேயும் அதே கோளாறு என்றால்தான் கருவியைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது பில்லை எடுத்துக்கொண்டு சர்வீசுக்குப் போங்கள். "வேலை செய்யல" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த இன்புட், 48 வோல்ட் போட்டபோதா போடாதபோதா, விளக்கு எரிந்ததா, வேறு கம்ப்யூட்டரில் என்ன ஆனது என்பதை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். அதோடு கெட்டுப்போன சத்தத்தின் ரெக்கார்டிங்கையும் போனில் வைத்துக்கொண்டு போனால், கடைக்காரர் முன் நின்று விளக்க வேண்டிய வேலை பாதியாகிவிடும்.